கரண்ட் இல்லாத நாளில் நன்றாக ஓடிய நெட்

ஷம்ஷாத்துக்கு முதல் வேலை கிடைத்தபோது திருமணமாகிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. தியாகதுருகத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, கள்ளக்குறிச்சிக்கு வாழ வந்தவள். மாலை ஐந்து மணிக்கு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே லேப்டாப்பை வைத்து, மஸ்கட்டில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித் தருகிறாள்.

மூன்று வாரமாக வகுப்பு அறுந்துகொண்டே இருந்தது. முதலில் அவள் குரல் போகும். பிறகு வாய் பாதி திறந்தபடி முகம் நின்றுவிடும். நெட் வேகத்தை அளந்தால் எண்பது காட்டும். அடுத்த நிமிடம் மூன்று. டியூஷன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வகுப்பைக் கவனிப்பார். அன்றும் அறுந்தால் பிள்ளைகள் வேறு டீச்சருக்குப் போய்விடுவார்கள்.

கேபிள்காரன் தங்கதுரை மூன்று முறை கம்பம் ஏறினான்.

"அணிலு கடிச்சிருக்குக்கா. மாத்திட்டேன்."

"போன தடவையும் அணிலுன்னுதான சொன்ன?"

"இது வேற அணிலுக்கா."

செவ்வாய்க்கிழமை, பராமரிப்புக்காக நிறுத்திய கரண்ட் ஐந்து மணிக்கும் வரவில்லை. இன்வெர்ட்டரில் மோடமும் ஒரு விளக்கும் மட்டும் ஓடின. பயந்துகொண்டே தொடங்கினாள். ஒரு மணி நேரம், ஒரு தடங்கலும் இல்லை. ஆறே காலுக்குக் கரண்ட் வந்தது.

புதன்கிழமை கரண்ட் இருந்தது. வகுப்பு நான்கு முறை அறுந்தது.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். நேற்று ஓடாமல் இன்று ஓடியது எது? பிரிட்ஜ். மின்விசிறி. முன்னறையில் கணவன் ரியாசுதீனின் பெரிய கம்ப்யூட்டர். எழுந்து போனாள்.

ரியாசுதீன் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். கோமுகி அணைமேல் டிரோன் விட்டு, பின்னால் மலை தெரிய அவன் எடுத்த காட்சியில்தான் சுற்றுவட்டாரக் கல்யாண வீடியோக்களில் பாதி தொடங்குகின்றன. வீடியோக்காரர்கள் இப்படித் தாங்கள் எடுத்ததை டாரண்டில் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தராமல் மூடிவிடுகிறவனை அந்தக் குழுவில் மதிக்கமாட்டார்கள். அதனால் ரியாசுதீன் எதையும் மூடியதில்லை. எதற்கும் அளவு வைத்ததும் இல்லை.

எழுபத்து மூன்று பேர் அவனிடமிருந்து இறக்கிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

"ஏங்க, இன்னா இது?"

"அணைக்கட்டு ஷாட்டு. பசங்க எடுத்துக்கினு இருக்கானுங்க. நமக்கு வர்றது ஒண்ணுமில்ல, நம்ம வூட்லேர்ந்து போறதுதான். அதுக்கும் உன் கிளாஸுக்கும் இன்னா?"

"என் குரலும் நம்ம வூட்லேர்ந்து போறதுதான?"

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நிறுத்துனா கஞ்சன்னு சொல்லுவானுங்க ஷம்ஷாத்."

"நிறுத்தாதீங்க. கம்மி பண்ணுங்க."

வெளியே போகும் வேகத்துக்கு அவன் ஒரு வரம்பு போட்டான். ஐயாயிரம். அவள் கையை நீட்டி ஒரு சைபரை அழித்தாள்.

"இவ்ளோ கம்மியாவா?"

"அவங்களுக்கு மெதுவாப் போனாலும் போயிடும். எனக்கு அறுந்தா போச்சு."

வேகத்தை அளந்தாள். எழுபத்தெட்டு. ஐந்து நிமிடம் கழித்து எழுபத்தொன்பது. அதற்குப் பிறகும் நான்கு முறை அளந்துவிட்டுத்தான் சமைக்கப் போனாள்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் நிர்மலா சென்னையிலிருந்து வகுப்பில் சேர்ந்தார். பேசவில்லை, அவர் பெயர் மட்டும் ஓரத்தில் இருந்தது. ஷம்ஷாத் ஒரு ரொட்டியை வரைந்து எட்டாகப் பிரித்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கணம் நின்று, யாராவது தலையாட்டுகிறார்களா என்று பார்த்தாள். ஆட்டினார்கள். அரைமணி கடந்தபோது நிற்க மறந்துவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு பாரதி என்ற சிறுமி பென்சிலைக் கீழே போட்டாள். அந்தச் சத்தமும் கேட்டது.

"மிஸ், இன்னைக்குக் கட்டே ஆகாதா?"

ஓரத்துப் பெயரிலிருந்து சிரிப்பு வந்தது. "ஆகாதும்மா. வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமையும் இதே மிஸ்தான்" என்றார் நிர்மலா.

ஷம்ஷாத் மைக்கை அணைத்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு மைக்கைப் போட்டு, அடுத்த கணக்கைச் சொன்னாள்.