முனியாண்டிக்கு வாங்கிய போத்தல்

மலேசியாவின் ஈப்போ நகரில் சமய அமைப்பொன்று நடத்தும் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குக் குழுவில் அப்போது நான் இருந்தேன். எங்கள் முன்னால் நின்றவள் ஓட்டக்காரி. ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஓடுதளத்தில் இறங்கும் முன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அவள் பையில் ஒரு பீர் போத்தல் அகப்பட்டிருந்தது. வளாகத்துக்குள் மதுவைக் கொண்டுவந்தால் படிப்பே போய்விடும்.

"குடிக்க இல்ல சார்," என்று என்னிடம் தமிழில் சொன்னாள். "பீடோர் எஸ்டேட் முனியாண்டிக்கு. போட்டிக்கு முன்னால அம்மா படைப்பாங்க. நாளைக்கு ஊருக்குப் போறேன்லா, அதான் வாங்கினேன்."

குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தேன். குழுத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கள் சாமி பீர் குடிக்குமா? அப்படியொரு வழக்கம் உண்டா?"

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவராக இருந்தவர். முனியாண்டி முன் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுவதைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பின் முன் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"கேள்விப்பட்டதில்லை," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சார், ஒங்களுக்குத் தெரியும்லா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவளை நீக்கினோம்.

வாசலில் கழற்றி வைத்திருந்த ஓட்டச் சப்பாத்தை மாட்டி, போட்டிக்குப் போகிறவள்போல் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பிறகு மெதுவாக நடந்து போனாள்.