மலர் சொன்ன ‘வாக்ட்’

மலர், கதிர்! அப்பா பேசுகிறேன். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடை வாசலில் நிற்கிறேன். உங்களுக்கான இன்றைய இங்கிலீஷ் பாடமான இறந்தகாலச் சொற்களைப் போனில் பதிவு செய்கிறேன்: “வாக்கெட், வாஷெட், கிளீனெட்.”

சேலை மடித்துக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் நிமிர்கிறார்.

“ஏண்ணே இப்படி இழுக்குறீங்க? வாக்ட், வாஷ்ட், கிளீன்ட் லா. வாண்டிட், நீடிட் மாதிரி சிலதுக்குத்தான் கடைசியில ‘இட்’ வரும்.”

“நெசமாவா?”

“ஸ்கூல்லேர்ந்து அப்படித்தாண்ணே சொல்றோம்.”

மலர், போன மாதம் வீடியோ காலில் நீ ‘வாக்ட்’ என்றாய். எழுத்தை முழுங்காதே என்று சித்தி வீட்டார் முன்னால் உன்னைத் திட்டினேன். அன்றிலிருந்து நீ என்னிடம் இங்கிலீஷே பேசுவதில்லை. நீ சொன்னதுதான் சரி, கண்ணு.

பிறகு கடை மாடிப்படி ஓரம் தனியாகப் போய் நின்று, நீ சொன்னபடியே பத்துத் தடவை சொல்லிப் பழகுகிறேன்.