சூசையப்பரின் உப்புப் பாத்தி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகளுடைய பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பனிக்காட்சி செய்து எடுத்துவர வேண்டுமாம். நம் ஊர் மார்கழிப் பனி இல்லை. சினிமாப் பாட்டில் கொட்டுமே, அந்த வெள்ளைப் பனி. நாங்கள் இருப்பது பெரிய முதலியார்சாவடியில். டிசம்பரிலும் மின்விசிறி போட்டுத்தான் தூங்குகிறோம். அந்தப் பனியை என் மகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, எனக்குத் தெரிந்து அவளுடைய டீச்சரும் பார்த்ததில்லை.

வீட்டில் அட்டை இருந்தது, பசை இருந்தது, பஞ்சுதான் இல்லை. மகள் நேராகச் சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இத கொட்டுனா பனி மாதிரியே இருக்கும்மா. வீடியோல பாத்தேன்.”

“வேணாண்டி, கசியும்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது என் வார்த்தையே இல்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு காலத்தில் என்னிடம் சொன்னது. நான்தான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாய் ஒருவருடைய எஸ்.டி.டி. பூத்தில் வேலை. பாய்க்குச் சொந்த ஊர் கூனிமேடு. அங்கே அவருக்கு வேறு கடையும் இருந்ததால் இங்கே வாரத்துக்கு இரண்டு தரம்தான் வருவார். ஒரு கண்ணாடிக் கூண்டு, இரண்டு போன், ஒரு ஜெராக்ஸ் மிஷின், அதன் பின்னால் நான். ஜெராக்ஸ் மிஷினுக்கும் எனக்கும் ஆகாது. நான் மூடியைத் திறந்தாலே அதற்குள் பேப்பர் சிக்கிக்கொள்ளும். கறுப்பாக அடித்ததும் கோணலாக விழுந்ததுமாக ஒரு நாளைக்கு ஒரு கட்டு வீணாகும். பாய் கண்ணில் படாமல் அதையெல்லாம் மேஜைக்கடியில் சேர்த்து வைப்பேன்.

அந்தக் கட்டைக் கண்டுபிடித்தவள்தான் ஸ்டெல்லா. பூத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பங்கள். அவளுடைய அப்பாவும் உப்பளத்தில்தான். அம்மா லூர்து மேரியும் முன்பு அங்கேதான் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அத்தை வீட்டுச் சாப்பாடு, அப்பா வீட்டுத் தூக்கம் என்று வளர்ந்துகொண்டிருந்தாள் ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவைத்திலிருந்து எங்கள் பூத்துக்குப் போன் வரும். அதற்கு அரை மணி நேரம் முன்பே தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். போனில் அம்மாவுக்குப் பவுடர் தெரியவா போகிறது என்று நான் கேட்டதில்லை.

காத்திருக்கிற அந்த அரை மணி நேரத்தில் என்னுடைய வீணான பேப்பர்கள் கப்பலாகும், தொப்பியாகும், ராக்கெட்டாகும். அப்படித்தான் எனக்கும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் பழக்கமானது. தீப்பெட்டியில் மாட்டுவண்டி செய்தோம். ஐஸ்குச்சியில் ஏணி செய்தோம். ‘செய்தோம்’ என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, நான் ஒட்டினால் ஒட்டுகிற இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் பசை இருக்கும். “அக்கா, நீங்க சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க, போதும்,” என்று ஆரோக்கியம் சொல்லிவிடுவான். அவன் ஸ்டெல்லாவின் அத்தை மகன், அவளைவிட ஒரு வயது சின்னவன்.

போன் வந்தால் ஸ்டெல்லா பேசுவது ஒரே எழுத்துதான். “ம்.” சாப்டியா? ம். படிக்கிறியா? ம். அப்பா குடிக்காம இருக்காரா? ம். அந்தப் பக்கம் லூர்து மேரி தொண்டை கட்டக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கே காதில் விழும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று லைன் கிடைக்காமல் கிடைக்காமல், சாயங்காலம்தான் அவருக்குக் கிடைத்தது. எடுத்தது நான். “இருக்கா, பக்கத்துலதான் நிக்கிறா, எல்லாரும் நல்லா இருக்காங்க,” என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரிசீவரை வாங்கிய ஸ்டெல்லா அன்றைக்கும் “ம்” என்றுதான் சொன்னாள்.

அதற்கு அடுத்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு லூர்து மேரி லீவில் வருவதாகச் செய்தி வந்தது. போய் இரண்டு வருஷம் முடிந்திருந்தது. தெருமுனையில் மாதா கெபி ஒன்று உண்டு. முன்பக்கம் திறந்த, மேலே ஓடு வேய்ந்த சின்ன மண்டபம். அந்தத் தடவை அங்கே தாங்களே கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்டெல்லா முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

“அம்மா, நீ வர்றப்போ எங்க குடில்ல பனி இருக்கும்.”

கோயிலில் வைக்கிற பெரிய குடிலில் பஞ்சால் பனி செய்வார்கள். அதைப் பார்த்து வந்த ஆசை. என்ன பனி, எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று லூர்து மேரி கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்தேன். இந்தக் குடிலை எப்படியாவது நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். குடிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் ஒரு மாடு இருக்கும் என்பது மட்டும்தான்.

பாயிடம் கேட்டேன். கூனிமேட்டுக் கடையிலிருந்து டி.வி. வந்த பெரிய அட்டைப்பெட்டி இரண்டை வண்டியில் போட்டு அனுப்பினார். அதை வெட்டிக் குகை. மைதா பசையில் காக்கித்தாளை நனைத்துக் கசக்கிப் பாறை. கரித்தூளும் துணிக்குப் போடுகிற நீலமும் அதற்கு வர்ணம். உப்பளத்து வண்டல் மண்ணைப் பிசைந்து மாதா, அவர் கணவர் சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடுகள். ஆட்டுக்கு நாலு தீக்குச்சிக் கால். ராஜாக்களின் கிரீடத்துக்குச் சிகரெட் அட்டைக்குள் இருக்கிற வெள்ளித்தாள். வானதூதர்களை என்னுடைய ஜெராக்ஸ் கட்டிலிருந்து மடித்தோம். அதனால் ஒரு தூதரின் இறக்கையில் யாருடைய ரேஷன் கார்டோ இருந்தது. இன்னொருவர் சாதிச் சான்றிதழோடு பறந்துகொண்டிருந்தார்.

மீதி இருந்தது பனி. பஞ்சு கொஞ்சம்தான் கிடைத்தது. அது ஆடுகளுக்கே போதவில்லை. அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

“பனின்னா வெள்ளையா இருக்கணும், அவ்ளோதானே? உப்ப கொட்டுங்க. ஊரு பூரா உப்புதானே?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கசியும்க்கா,” என்றாள் ஸ்டெல்லா.

“வெளிய மலை மாதிரி குவிச்சு வச்சிருக்காங்களே, அது கசியுதா?”

“அதுக்கு மேல ஓலை போட்டிருக்குதுக்கா.”

“இதுக்கு மேலயும் ஓடு இருக்குதே.”

இருபத்திரண்டு வயதுக்கு உள்ள தோரணை அது. உப்பு மேட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, மல்லாட்டை போடுகிற வீட்டுப் பெண் உப்பைப் பற்றிப் பாடம் எடுத்தாள். ஓலைக்கு அடியில் இருக்கிற குவியல் வேறு, கடற்காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு கைப்பிடி கைப்பிடியாகத் தூவிய உப்பு வேறு என்று எனக்குத் தெரியாது. அக்கா சொல்கிறாளே என்று பிள்ளைகள் இரண்டு கூடை உப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், கொட்டி முடித்தபோது மிக அழகாகவே இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

இரண்டு நாள் விடாமல் மழை. இருபத்துமூன்றாம் தேதி காலையில் பூத்தைத் திறந்தபோது ஸ்டெல்லா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

“அக்கா, அம்மாவுக்கு போன் போட்டு பனி இல்லன்னு சொல்லிடுங்க.”

போய்ப் பார்த்தேன். ஈரக்காற்றில் உப்பு முழுக்கக் கசிந்து, சாரலும் சேர்ந்து, குகைக்கு முன்னால் தண்ணீராகத் தேங்கியிருந்தது. பாறையின் நீலம் ஒழுகியிருந்தது. ஆடுகள் முட்டியளவு தண்ணீரில் நின்றன. அம்மா இந்நேரம் கிளம்பும் அவசரத்தில் இருப்பார், போனெல்லாம் வேண்டாம் என்று சமாளித்தேன். மெடிக்கலில் பஞ்சு வாங்கி வருகிறேன் என்றேன். “அதுவும் நனையும்க்கா,” என்றாள். இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆரோக்கியம் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் இருக்க, சேற்றை விரலால் இழுத்து ஒரு வரப்புப் போட்டான். யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் கை அப்படித்தான் போகும். பக்கத்தில் இன்னொருத்தி குறுக்கே ஒரு வரப்புப் போட்டாள். அப்புறம் இன்னொன்று. நான்கு பாத்தி ஆனது. ஸ்டெல்லா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சூசையப்பரின் கையிலிருந்த கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் ஐஸ்குச்சித் துண்டைக் கட்டி, உப்பு வாருகிற பலகை ஒன்று செய்து கொடுத்தாள். குகைக்கு மேல் ஓலை போட்டு அதை உப்பளத்துக் கொட்டகை ஆக்கினார்கள். ராஜாக்களின் தலையில் உப்புக் கூடை ஏறியது. கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் சென்னை பஸ் பூத்துக்கு எதிரில் நின்றது. லூர்து மேரி இறங்கினார். பெரிய பெட்டி, புதுப் புடவை, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். ஸ்டெல்லா காலையிலிருந்து என்னோடு பூத்தில்தான் இருந்தாள். பஸ் நின்றதும் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “அம்மா கிட்ட போடி,” என்றேன். போகவில்லை. லூர்து மேரி கையை நீட்டினார். அவள் என் தாவணியை விடவில்லை. இரண்டு வருஷமாகக் குரலாக மட்டும் இருந்த அம்மா உடம்போடு வந்து நின்றால் பிள்ளை என்ன செய்யும்? நீட்டிய கையை அவர் மெல்ல மடக்கிக்கொண்டதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“குடிலயாவது காட்டு,” என்றார்.

எல்லோரும் கெபிக்குப் போனோம். லூர்து மேரி குனிந்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தார். பனி எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் கேட்டது வேறு.

“ஏம்பா, சூசையப்பரு உப்பு வாரவே இல்லியா இதுக்கு முன்ன? பலகைய இப்டியா புடிப்பாங்க?”

பெட்டியைச் சேற்றிலேயே வைத்துவிட்டு, புதுப் புடவையோடு ஈரத்தரையில் உட்கார்ந்தார். சூசையப்பரின் கையைத் திருப்பினார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்டி திருப்பாதம்மா. காயல, கை ஒடஞ்சிடும்.”

ஸ்டெல்லா என்னை விட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தலையும் பாத்தி மேல் குனிந்தன. கீழ்க்கை எங்கே, மேல்கை எங்கே என்று இருவருக்கும் வாக்குவாதம். கொஞ்ச நேரத்தில் லூர்து மேரியின் கை அவள் முதுகில் இருந்தது. அதை ஸ்டெல்லா கவனித்ததாகவே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இவ்வளவு நன்றாக முடிந்தது வேறொன்று இல்லை.

ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு குடிலைக் கலைப்பது வழக்கம். “இன்னும் உப்பு எடுக்கல,” என்று பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். பொங்கலை ஒட்டி லூர்து மேரி குவைத்துக்குத் திரும்பினார். மழை விட்டு, வெயில் ஏறி, மாதக் கடைசியில் அந்த நான்கு பாத்தியிலும் உப்பு பூத்தது. எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. அந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும், “அம்மா, வெளைஞ்சிடுச்சும்மா,” என்றாள் ஸ்டெல்லா. பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். நான் கூண்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பிறகு அந்த உப்பை பில் பேப்பரில் மடித்து, மேலே ‘அம்மாவுக்கு’ என்று எழுதி, அம்மா மறுபடி வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று என் மேஜை டிராயரில் வைத்தாள்.

இன்று அந்த இடத்தில் பூத் இல்லை. மஞ்சள் போர்டு இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்த வரிசைக் கடைகளே போய்விட்டன. கெபிக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள். குடில் கடையில் வாங்கியது, அதில் பனி அச்சடித்தே வருகிறது. என் பேச்சைக் கேட்காமல் மகள் உப்பிலேயே செய்த பனிக்காட்சி பள்ளிக்குப் போய்த் திரும்பி, ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வெளியே மழை. பாக்கெட் உப்பு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தினமும் அதைத் தொட்டுக்காட்டி என்னைக் கேலி செய்கிறாள்.

பூத்தை முதலில் மூடியது சாலை இல்லை. அந்த வருஷமே ஆளாளுக்கு செல்போன் வந்துவிட்டது. லூர்து மேரியும் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒன்று கொடுத்தனுப்பினார். ஸ்டெல்லாவுக்கு அது நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்டூல் காலியாகக் கிடந்தது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியும்போது பாய் கடையை மூடினார். டிராயரைக் காலி செய்து, அந்தப் பொட்டலத்தைக் கொடுக்க ஸ்டெல்லாவைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. தாள் மட்டும் விறைப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கோடுகளோடு இருந்தது.

“உப்பு எங்கக்கா?”

“கசிஞ்சிடுச்சு போலடி.”

“நான் அப்பவே சொன்னேன்ல,” என்றாள். அதற்குள் அவள் கையில் போன் அடித்தது. “அம்மா,” என்று சொல்லிக்கொண்டே, சிக்னலுக்காகச் சாலைப் பக்கம் ஓடினாள்.