தறி நின்ற ஐந்து நாட்கள்

சாமளாபுரத்தில் எங்கள் எட்டு விசைத்தறிகளையும் ஒரு மதியம் ஒரே நேரத்தில் நான் நிறுத்தினேன். தங்கச்சிக்கு அப்போது பதினாறு வயது. ரத்தப் புற்றுநோய். கோவையில் மூன்றாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சுத் தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால், வீட்டை ஒட்டிய தறிக் குடோனின் கதவைச் சாத்தியிருந்தோம். சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது என் அதிபுத்தி. பிள்ளை தூங்கட்டும் என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

பகலெல்லாம் படுக்கவிடாதீர்கள், முடிந்த அளவு நடந்தால்தான் தூக்கம் வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதைத்தான் நாங்கள் கேட்கவில்லை. அவள் காலைத் தரையில் வைத்தாலே அம்மா பதறுவாள். "வேண்டாஞ் சாமி, உழுந்து ரத்தம் வந்தா நிக்காது கண்ணு." நானும் ஒத்து ஊதினேன்.

ஐந்து நாட்கள் அவள் சரியாகத் தூங்கவில்லை. அரவமற்ற வீட்டில் அவளுடைய மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது கொஞ்சம் தாமதித்தாலும் எழுந்து ஓடுவேன். அவள் விட்டத்தைப் பார்த்தபடி விழித்துக் கிடப்பாள்.

ஆறாம் நாள் காலை, யாரையும் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் இரு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பியவள், இரைக்க இரைக்கச் சொன்னாள். "அண்ணா, தறியப் போட்டுடுங்க. எழவு ஊட்ல படுத்துக் கெடக்கறாப்பல இருக்குதுங்க."

எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் தறியை நிறுத்துவார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. பிறந்தது முதல் தறிச் சத்தத்தில் தூங்கியவளை, உயிரோடு வைத்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறேன்.

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். ஆனால் அந்தத் தடதடப்பில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தறியை நிறுத்தியதில் பாதி என் காதுக்காகத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது அவள் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்துதான் போவாள். நோய் இல்லை என்கிறார்கள். இருந்தும், ஞாயிறு மதியம் அவள் படுத்தால் என் கால்கள் தானாக அந்த அறைக்குப் போகின்றன. போன வாரமும் கதவருகே நின்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கறனுங்ணா. போய்த் தறியப் பாருங்க."