துண்டு பிடிக்கும் கை

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்து வரும். இடம் பிடிக்கிறவர்களின் அவசரம். கண்டக்டர் தபிதா ஒன்றைக்கூட சீட்டில் விழ விடமாட்டாள். எட்டிப் பிடித்து, வீசியவரிடமே திருப்பிக் கொடுத்து, "ஏறி வந்து குந்து நைனா" என்பாள். சித்தூர் வண்டிக்கு வழக்கமாக வருகிறவர்களில் சிலர் அவள் பிடிப்பதைப் பார்க்கவே வீசுவார்கள்.

இந்தத் தபிதா இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். இரண்டு முறை வெளிநாடு போய் ஆடியவள். திரும்பி வந்த மறுநாளே டிக்கெட் மெஷினை மாட்டிக்கொண்டு வழியிலுள்ள புத்தலப்பட்டில் ஆள் ஏற்றியவள். வயது முப்பது. அணியில் அவள் இடத்துக்கு இருபது வயசுப் பெண்கள் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை பயிற்சியில் வலது சுண்டுவிரல் மடங்கிக்கொண்டது. அணி மருத்துவருக்கு போன் செய்திருக்க வேண்டும். ஆனால் எலும்பில் வலி என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கால் தானாகப் புத்தூர் எலும்பு வைத்தியரிடம்தான் போகும். மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு அம்மா கிரேஸ் அழைத்துப்போய்க் கட்டுப் போட வைத்துவிட்டாள். பதினைந்து நாள் அவிழ்க்கக் கூடாதாம். இந்திய அணியின் பயிற்சி முகாமோ நாளைக் காலை, சென்னையில். கட்டோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்று இடது கையால் மெஷினைத் தட்டி, இரண்டு பேருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்துவிட்டாள். அம்மா போனில், "அவுத்துட்டீனா வெரலு கோணிக்கினே நிக்கும், சொல்லிட்டேன்" என்றாள். என்ன முடிவு என்று டிரைவர் பிரபாகர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். விரல் கோணினால் கோணட்டும். பந்து வரும்போது கை பயந்துவிட்டால்?

கடைசி டிரிப். வண்டி திருப்பதி ஸ்டாண்டுக்குள் திரும்பியது. சிவப்புத் துண்டு ஒன்று ஜன்னலில் நுழைந்தது. வலது கை எழும்பி, பாதியில் நின்றது. துண்டு சீட்டில் விழுந்தது.

"இன்னாமா, உட்டுட்டே?" என்றார் கீழே நின்ற பெரியவர். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கே வருத்தம்தான்.

தபிதா முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். மருந்தும் முட்டை வெள்ளையும் காய்ந்து விறைத்த துணி சுற்றுச் சுற்றாகக் கழன்றது. வீங்கிய விரலை உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை மடக்கிப் பார்த்தாள். துண்டைச் சுருட்டி, ஜன்னல் வழியாகப் பெரியவரிடம் நீட்டினாள்.

"இன்னொரு தபா வீசு நைனா. வேகமா."

பின்னால் நகர்ந்து, கால்களை அகட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.