கப்பலில் பனியனோடு நின்ற ஆள்

இன்று ரிசப்ஷனில் போட வேண்டிய வீடியோ. மாப்பிள்ளையின் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு வர முடியாததால், இருட்டிய டெக்கில் நின்று வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

என் எடிட்டிங் சாஃப்ட்வேரில் குரல் மட்டும் வந்தது. படம் வரவில்லை.

ஃபைல் பெயரின் கடைசியில் 'எம்பி ஃபோர்' என்று திருத்தினேன். ஃபார்மட்டே மாறிவிட்டதாக நம்பினேன். அப்போதும் படம் வரவில்லை. என் விசிட்டிங் கார்டில் 'சீனியர் எடிட்டர்' என்று இருக்கிறது.

திரும்ப அனுப்பச் சொல்லக் கப்பலுக்கு சிக்னல் இல்லை. ஆனால் ஃபோனில் ஒழுங்காக ஓடியது. எனவே ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடவிட்டு, கேமராவால் படம் பிடித்தேன்.

மண்டபத்தில் பெரிய திரையில் அது ஓடியதும் மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எம்புள்ளைக்குப் பின்னால பனியனோட ஒரு ஆளு நிக்கானே, யாரு?"

ஃபோன் கண்ணாடியில் பிம்பமாக விழுந்த நான்தான். தூத்துக்குடி வெக்கையில் யார் சட்டை போட்டு எடிட் செய்கிறார்கள்?

"கூட வேலை பாக்கவரா இருக்கும்மா."

"கப்பல்ல சோறு எப்படியோன்னு கவலையாவே இருந்துச்சு. அந்த ஆளு தொந்தியப் பாத்ததும் நிம்மதியாயிட்டு."

அந்த ஃபைலைத் திறக்க வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். தொந்தி குறைய யோசனை வேண்டாம். ஒரு தாயின் நிம்மதி அதில்தான் இருக்கிறது.