அம்மாவின் வலக்கண்

மக்காச்சோளம் அறுக்கையில் தோகை அம்மாவின் வலக்கண்ணில் வீசிவிட்டது. முதலில் உறுத்தல், பிறகு கண் கோவைப்பழமாகி, கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பூஞ்சை என்றார்கள். மணிக்கொரு தரம் இரண்டு வகைச் சொட்டு மருந்து. ஒன்றை விட்டு, கொஞ்சம் பொறுத்து மற்றது.

திரும்பும் பஸ்ஸிலேயே பூஞ்சையைப் பற்றிப் போனில் கிடைத்ததையெல்லாம் படித்து அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"மெதுவா சொல்லுப்பா, பரீட்சையா நடக்குது?" என்றார்.

பகலில் நான் அருப்புக்கோட்டைக்கு வேலைக்குப் போய்விடுவேன். மருந்து விடுவது அப்பாதான். லீவு நாளில் பார்த்தால், முதல் சொட்டு விட்ட கையோடு அடுத்ததையும் விட்டார். இரண்டும் கன்னத்தில் வழிந்தன.

"என்னப்பா, கேப் விடணும்னு சொன்னாகள்ல?"

"பருத்திக்கு ரெண்டு மருந்தையும் ஒரே டேங்குல கலந்துதான அடிக்கோம். புழு சாகலையா?"

"நான் என்ன பருத்திச் செடியா?" கண்ணை மூடியபடியே கேட்டாள் அம்மா.

அன்றைக்குச் சிரித்தோம். பிறகு ஒழுங்காகத்தான் விட்டோம். பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

அடுத்த முறை டாக்டரம்மா, இனி மருந்து கேட்காது என்றார். கெட்டுப்போன கருவிழியை வெட்டியெடுத்துவிட்டு, தானமாக வந்ததை வைத்துத் தைக்க வேண்டுமாம்.

"பழையபடி தெரியுமா?" என்றாள் அம்மா.

"இது கண்ணக் காப்பாத்துறதுக்கான ஆபரேஷன்மா. விட்டா கண்ணையே எடுக்க வேண்டி வரும். பார்வையெல்லாம் அப்புறம்."

"நான் ஒழுங்கா மருந்து விட்டிருந்தா?" என்று கேட்டார் அப்பா.

பூஞ்சை ஆழத்துக்கு ஓடிவிட்டால் மருந்து எட்டாது, எதனால் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தால்கூட அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்து, முகத்துக்கு நேரே கையை ஆட்டினார்கள்.

"ஏதோ ஆடுது. கையான்னு தெரியல" என்றாள் அம்மா.

மறுபடி சொட்டு மருந்து, மறுபடி பஸ், மறுபடி டோக்கன். பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டோம். போன வாரம்தான், பூஞ்சை திரும்பவில்லை, கண் நிலைத்துவிடும் என்றார்கள். பார்வை மட்டும் இன்னும் புகைமூட்டம்தான்.

பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அப்பா அம்மாவின் வலப்பக்கமாகவே நடந்தார். அந்தப் பக்கம் வருகிறவர்கள் அவள் மேல் மோதாமல் கையால் மறித்துக்கொண்டே வந்தார்.

"தள்ளி நடங்க" என்றாள் அம்மா. "ஊரு சனம் இடிக்கல. நீங்கதான் இடிக்கிறீக."